தன் உடலையே சோதனைச்சாலை ஆக்கிய ஹால்டேன்

கோடை பிறந்துவிட்டால் மல்லாபூர், நாச்சாரம் வட்டாரத்துப் பட்டறைகளில் வேலை செய்வோர் படும் பாடு சொல்லி மாளாது. தலைக்கு மேலே தகரக் கூரை, பக்கத்திலே உலை, ஜன்னல் இருந்தாலும் காற்று இல்லை. காலையில் பிசகின்றி எடை குறித்தவர் பிற்பகலில் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறார். பல வருஷ அனுபவமுள்ள பிட்டர் தவறான வால்வைத் திருப்பிவிடுகிறார். ஆபீஸ் அறையில் குமாஸ்தா ஒரே கூட்டலை மூன்று முறை போட்டு மூன்று விடை காண்கிறார். உடனே எழும் கேள்வி, கவனம் எங்கே போயிற்று என்பதுதான்.

கவனம் எங்கே போகிறது என்பதைக் கண்டறிய ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதி தம்மையே வருத்திக்கொண்டார். நச்சுக்காற்றைச் சுவாசித்தார், இரும்பு அறைக்குள் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டார், பனிக்கட்டி மிதக்கும் நீரில் கிடந்தார், முதுகெலும்பு நொறுங்கும்படி வலிப்பு வந்து துடித்தார். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்த அந்த விஞ்ஞானியின் பெயர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவரது உடல் போய்ச் சேர்ந்த இடம் ஆந்திராவின் காக்கிநாடா. அவர் மனைவி கடைசி நாட்களைக் கழித்தது நமது ஹைதராபாத்தில்.

சுரங்கத்து டாக்டரின் மகன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனால் அவர் நாடி பிடித்துப் பார்த்ததெல்லாம் காற்றைத்தான். நிலக்கரிச் சுரங்கம், சாக்கடை, தொழிற்சாலை என்று மனிதர் மூச்சுத் திணறும் இடமெல்லாம் அவர் போனார்.

1895-ல் லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாம் பகுதியில் சாக்கடைக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராக இறங்கியவர்களும் மாண்டனர். ஐந்து உயிர்கள் போயின. தந்தை ஹால்டேன் அங்கே சென்று ஆராய்ந்து, கொன்றது ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயு என்று கண்டார். அழுகிய முட்டை நாற்றம் உடையது அது. அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்க அடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணி மனிதன் மேலும் ஓரடி வைப்பான். அதுவே கடைசி அடியாகிவிடும். நம் நாட்டிலும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியோர் இதே விதமாக மாண்ட செய்திகளை வாசகர்கள் எத்தனையோ முறை படித்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, 1896-ல், சுரங்க வெடி விபத்துக்களைப் பற்றி அவர் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். வெடியில் சிக்கி இறந்ததாகக் கருதப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்ஸைடு வாயு என்று அதில் காட்டினார். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவைத் தாமே சுவாசித்து, தம் ரத்தத்தில் பாதிக்கு மேல் அது ஏறும்வரை உட்கார்ந்து குறிப்பு எழுதியிருக்கிறார். நேரம் ஆக ஆகக் கால்கள் தள்ளாடின, கையெழுத்தும் கோணிற்று. சின்னஞ்சிறு பிராணிகள் மனிதனைவிட வேகமாகச் சுவாசிப்பதால் இந்த வாயு முதலில் அவற்றையே வீழ்த்தும் என்று கண்டு, சுரங்கத்துக்குள் அவற்றைக் கூண்டில் கொண்டு போகும் யோசனையைச் சொன்னவரும் அவரே. அப்படி வந்த கானரிக் குருவி 1986-ம் ஆண்டுவரை இங்கிலாந்துச் சுரங்கங்களில் காவல் இருந்தது.

டிசம்பர் குளிரில் கதவையும் ஜன்னலையும் அடைத்து உள்ளே கரி அடுப்பு மூட்டிக்கொண்டு படுப்பவர்களைக் கொல்லுவதும் இதே வாயுதான். தலை லேசாக வலிக்கும். பிறகு தூக்கம் போல் ஒரு சோர்வு வரும். எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்குள் அந்த எண்ணத்தைத் தோற்றுவிக்கும் மூளையே அடங்கிவிடும்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

இத்தகைய தந்தையின் மகனுக்குப் பள்ளிக்கூடமும் சுரங்கமும் ஒன்றாயின. சிறுவனாக இருந்தபோதே தந்தை அவனை ஸ்டாபோர்ட்ஷயர் வட்டாரத்துச் சுரங்கம் ஒன்றினுள் அழைத்துப் போனார். மீத்தேன் வாயு சேர்ந்திருந்த ஒரு பழைய குடைவுக்குள் இருவரும் தவழ்ந்து சென்றனர். அங்கே மகனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் நீண்ட பேச்சை ஒப்பிக்கச் சொன்னார் தந்தை. சில அடிகள் சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு வாங்கிற்று. கால்கள் மடிந்து கீழே விழுந்தான். தரையில் கிடந்தபடி சுவாசித்ததும் தெளிந்துவிட்டான். மீத்தேன் காற்றைவிட லேசானது. அது கூரையை ஒட்டித் தங்கும், தரையருகே நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் இவ்வளவு ஆழமாகப் புகட்டியிருக்க முடியாது.

மகன் நெஞ்சில் இன்னொன்றும் பதிந்தது. சொல் தடுமாறுவதும் கணக்குப் பிசகுவதும் உடல் கெடுவதன் முதல் அடையாளங்கள். பிற்காலத்தில் அவர் செய்த பெரிய சோதனைகளுக்கு வித்து இங்கேதான் விழுந்தது எனலாம்.

1906-ல், பதின்மூன்று வயதில், கடலிலும் இறங்கினான் அந்தச் சிறுவன். தந்தை அப்போது கடற்படைக்காக முத்துக்குளிப்போர் போல ஆழத்தில் இறங்குவோரின் நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆழத்தில் அழுத்தம் காரணமாக நைட்ரஜன் வாயு ரத்தத்தில் கரைகிறது. மனிதன் சட்டென மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியில் பொங்குவது போல அது குமிழியிட்டு மூட்டுக்களையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. படிப்படியாக, நின்று நின்று மேலேறினால் ஆபத்தில்லை என்று கண்டு 1908-ல் தந்தை வெளியிட்ட அட்டவணை உலகெங்கும் வழிகாட்டியாயிற்று. பெரியவர்களுக்குத் தைத்த உடையில் இறங்கிய சிறுவனுக்கோ உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் அஞ்சாமல் இறங்கி ஏறினான்.

வெப்பத்தை அளந்த விதம்

தந்தையின் இன்னொரு ஆராய்ச்சி ஹைதராபாத் தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. 1905-ல் அவர் கார்ன்வால் பகுதியின் சூடான சுரங்கங்களை ஆராய்ந்தபோது, மனிதனை வீழ்த்துவது வெறும் சூடு அல்ல என்று கண்டார். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி வைத்தால் அது காட்டும் அளவே முக்கியம். காற்றோட்டமில்லாத இடத்தில் அந்த அளவு 31 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் சட்டையில்லாமல் சும்மா இருப்பவனுக்கே உடல் சூடு ஏறத் தொடங்கும். உழைப்பவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் எளியது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். சென்னையில் 38 டிகிரியில் புழுங்கித் தவித்தவர் ஹைதராபாத்தில் 41 டிகிரியைத் தாங்கிக் கொள்வது இதனால்தான். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிர உலராது. இங்கே காற்று வறண்டது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. எவ்வளவு நீர் உடலை விட்டுப் போயிற்று என்பது மனிதனுக்குத் தெரிவதில்லை. நீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே உழைத்தவர்களுக்குத் தசைப்பிடிப்பு வந்ததைச் சுரங்கங்களில் கண்டனர். உப்புப் போட்ட நீர்மோர் குடிக்கும் நம்மவர் பழக்கத்துக்கு இது விஞ்ஞானத்தின் சான்றிதழ்.

சூட்டுக்கு உடல் பழகவும் நாள் பிடிக்கும். புதிதாக உலைக்கருகே வேலைக்கு வந்தவருக்கும், நீண்ட லீவு முடிந்து திரும்பியவருக்கும் ஒன்றிரண்டு வாரங்கள் தேவை. முதல் நாளே முழுச் சுமையைத் தூக்கச் சொல்வது ஆபத்து.

நச்சு வாயுப் போரில்

மகன் ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும் பிறகு ஆக்ஸ்போர்டிலும் படித்தார். அவர் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இந்த விஞ்ஞானியிடம் விஞ்ஞானப் பட்டம் ஒன்றுகூட இருந்ததில்லை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ராணுவத்தில் சேர்ந்து பிரான்சு போர்முனைக்குச் சென்றார். 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி ஜெர்மானியர் ஈப்ர நகருக்கு அருகே குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர். ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் வெந்து மாண்டனர். முகமூடி செய்யும் பொறுப்பு தந்தை ஹால்டேன் தலையில் விழுந்தது. போர்முனையிலிருந்த மகனை அவர் வரவழைத்துக்கொண்டார். கண்ணாடி வைத்த அறையில் குளோரினை நிரப்பி, முகமூடியோடும் முகமூடி இல்லாமலும் மாறி மாறி உள்ளே நின்றார்கள். சும்மா நின்றால் போதாது, சிப்பாய் ஓடவும் வேண்டும் என்பதால் சக்கரம் சுற்றியும் ஓடியும் பார்த்தார்கள். மூச்சிரைப்பு அடங்குமுன்பே ஹால்டேன் தம் படைக்குத் திரும்பி, அங்கே குண்டுக் காயம்பட்டார்.

பிறகு மெசபடோமியாவில் மீண்டும் காயமுற்று, சிகிச்சைக்காக இந்தியா அனுப்பப்பட்டார். இந்த நாட்டை அவர் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

குடித்துப் பார்த்த பேராசிரியர்

போர் முடிந்து ஆக்ஸ்போர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும் வேலை பார்த்தார். ரத்தத்தில் அமிலம் மிகுந்தால் மனிதன் என்ன ஆவான் என்று அறிய முயலைப் பிடித்துச் சோதிப்பது வழக்கம். முயல் தனக்குத் தலைவலிக்கிறதா, மனம் குழம்புகிறதா என்று சொல்லாதே என்பது ஹால்டேனின் வாதம். ஆகவே தாமே அம்மோனியம் குளோரைடு உப்பைக் கரைத்துக் குடித்தார். பல நாட்கள் மூச்சு வாங்க நடமாடினார். இன்னொரு சமயம் சோடா உப்பை அளவு கடந்து விழுங்கி உடலை எதிர்ப்பக்கம் திருப்பினார். கை கால்கள் இழுத்துக்கொண்டன. இந்தச் சோதனைகளின் பயனாகக் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இழுப்பு நோய்க்கு மருந்து கிடைத்தது. இவற்றைப் படித்துவிட்டு எவரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அளவும் அபாயமும் அறிந்து, பக்கத்தில் ஆள் நிறுத்தி அவர் செய்தவை இவை.

பரம்பரைக் கூறுகளைப் பற்றிய கணித ஆராய்ச்சியிலும் அவர் முன்னணியில் நின்றார். உயிரினங்கள் மாறி வளர்ந்த வரலாற்றைக் கணக்கு வழியே விளக்கிய மூவரில் ஒருவர் என்று இன்றும் போற்றப்படுகிறார். 1933-ல் லண்டன் யூனிவர்சிடி கல்லூரிப் பேராசிரியரானார். அந்தப் பெரிய கதையை இங்கே விரிக்க இடமில்லை.

தெட்டிஸ் கப்பலில் மாண்ட தொழிலாளர்

1939-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி தெட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதில் இருக்க வேண்டியவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர். அன்று இருந்தவர்கள் 103 பேர். கப்பல் கட்டிய தொழிலாளர்களும் மேஸ்திரிகளும் பலர் உடன் சென்றிருந்தனர். முன்பக்கக் குழாய் வழியே கடல்நீர் புகுந்து கப்பல் மூக்குக் குத்திக்கொண்டது. அதன் வால்பகுதி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மறுநாள் காலை நான்கு பேர் தப்பி வெளியே வந்தனர். மற்ற 99 பேரும் மாண்டனர்.

கரைக்கு இவ்வளவு அருகில், வால் வெளியே தெரியும் நிலையில், தப்பும் அறையும் கருவியும் உள்ளே இருந்தும், ஏன் நான்கு பேர் மட்டுமே வந்தனர்? பதறினார்களா, கருவியைத் தவறாகப் பயன்படுத்தினார்களா என்று ஊர் பேசிற்று. இறந்த தொழிலாளர்களின் சங்கங்கள் ஹால்டேனை நாடின.

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லவில்லை. சீப்-கார்மன் என்ற கம்பெனியில் இருந்த இரும்பு அறைக்குள், ஸ்பெயின் நாட்டுப் போரில் கலந்துகொண்டு திரும்பிய நான்கு தோழர்களுடன் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். தாம் விட்ட மூச்சையே மணிக்கணக்கில் திரும்பச் சுவாசித்தனர். நல்ல காற்றில் கரியமில வாயு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மூடிய அறையில் அது நூற்றுக்கு மூன்று ஆகும்போது மூச்சு ஆழமாகிறது. ஆறு ஆகும்போது இரைப்பும் மண்டையிடியும் வந்துவிடுகின்றன. அதற்கு மேலே போகப் போக அறிவு மங்குகிறது. அந்த நிலையில் தப்பும் கருவியை மாட்டிக்கொண்டு சுத்தமான பிராணவாயுவை உறிஞ்சினால் உடனே தெளிவு வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வந்ததோ வாந்தியும் கடுந்தலைவலியும். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு நீருக்குள் இருப்பவனுக்கு வாந்தி வந்தால் கதி என்ன?

இரண்டு மடங்கு ஆட்கள் சுவாசித்ததால் கப்பலின் காற்று பாதி நேரத்தில் கெட்டுவிட்டது. காத்திருந்த ஒவ்வொரு மணியும் அவர்கள் கைகளிலிருந்து தேர்ச்சியையும் மூளையிலிருந்து தெளிவையும் பறித்துக்கொண்டது. ஹால்டேன் விசாரணையின் முன் தம் முடிவுகளை வைத்தார். மாண்டவர்கள் கோழைகளும் அல்ல, வேலை தெரியாதவர்களும் அல்ல என்பது அந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

இரும்பு அறையில் கணக்குப் பரீட்சை

சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படை ஹால்டேனைத் தொடர்ந்து ஆராயச் சொன்னது. ஆழத்தில் மனிதனின் உடல் மட்டுமல்ல, மூளை எப்படி வேலை செய்கிறது என்பதே கேள்வி. உதவியாளர் மார்ட்டின் கேஸ், பின்னால் ஹால்டேனின் மனைவியான ஹெலன் ஸ்பர்வே, ஸ்பெயின் நாட்டின் முன்னாள் பிரதமர் நெக்ரின் ஆகியோரும் சோதனைக்குத் தம் உடலைக் கொடுத்தனர்.

இரும்பு அறையில் காற்றைப் பத்து மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுவார்கள். அது கடலில் 90 மீட்டர் ஆழத்துக்குச் சமம். உள்ளே இருப்பவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பெருக்கல் கணக்கு. மற்றது, சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளை இடுக்கியால் எடுத்து வேறிடத்தில் போடுவது. தரையில் சர்வ சாதாரணமாகச் செய்தவர்கள் அந்த அழுத்தத்தில் தடுமாறினார்கள். சிலர் காரணமின்றிச் சிரித்தார்கள். சிலருக்கு இனம் தெரியாத பயம் வந்தது. எல்லாவற்றிலும் விசித்திரம், பலரும் தாங்கள் நன்றாகச் செய்துகொண்டிருப்பதாகவே நம்பினார்கள். கள் குடித்தவன் தான் நேராக நடப்பதாக எண்ணுவது போலத்தான் இதுவும். இங்கே போதை தந்தது நாம் நாள்தோறும் சுவாசிக்கும் நைட்ரஜன்!

கரியமில வாயுவும் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் குழப்பம் பன்மடங்காயிற்று. அதோடு குளிரும் சேர்ந்தால்? பனிக்கட்டி மிதக்கும் நீரில் கிடந்து அந்த அழுத்தத்தையும் கெட்ட காற்றையும் ஹால்டேன் தாமே அனுபவித்துப் பார்த்தார். தனித்தனியே தாங்கக்கூடிய தொல்லைகள் கூட்டுச் சேர்ந்து வந்தால் மனிதனைச் சட்டென வீழ்த்திவிடுகின்றன. சூடு, புகை, இரைச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒரே ஷிப்டில் சேரும் இடங்களில் உழைப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

பிராணவாயு என்று பெயர் பெற்றதுகூட அழுத்தம் மிகுந்தால் பிராணனை வாங்கும் என்பதையும் இந்தச் சோதனைகள் காட்டின. முன்னறிவிப்பின்றி வலிப்பு வரும். ஒருவருக்கு இன்று தாங்கிய அளவு நாளை தாங்காது. அப்படி வந்த ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்புக் கட்டைகள் சில நசுங்கின. அந்த வலி அவரை விட்டு நீங்கவே இல்லை. காதின் சவ்வும் ஓட்டையாயிற்று. சுருட்டுப் புகையைக் காது வழியே விட்டுக் காட்டி நண்பர்களைச் சிரிக்க வைக்க அது பயன்பட்டது என்று அதையும் வேடிக்கையாக்கிக்கொண்டார். இந்த முடிவுகள் சிறிய நீர்மூழ்கிகளில் சென்ற கடற்படையினருக்கும், ஆழ்கடல் வேலை செய்வோருக்கும் கைகொடுத்தன.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் மாக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் தந்தி ஊழியர்களைச் சூடான அறையில் உட்கார வைத்து, காதில் விழும் மோர்ஸ் ஒலிகளை எழுதச் சொன்னார். வெப்பமும் ஈரமும் ஓர் எல்லையைக் கடந்ததும் தவறுகள் மளமளவென்று பெருகின. மிகத் தேர்ந்தவர்கள் குறைவாகவும், தேர்ச்சி குறைந்தவர்கள் அதிகமாகவும் தவறினார்கள். பேனா பிடிக்கும் குமாஸ்தாவுக்கும் நல்ல காற்று தேவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொழிலாளருக்காக எழுதியவர்

ஹால்டேன் தம் ஆராய்ச்சியை ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. லண்டனில் தொழிலாளர்கள் படித்த டெய்லி ஒர்க்கர் பத்திரிகையில் முந்நூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். சுரங்கத் தூசி, தொழிற்சாலைக் காற்று, சாப்பாடு, தொற்றுநோய் என்று அன்றாட விஷயங்கள் அவை. ஸ்பெயினில் விமானக் குண்டுவீச்சை நேரில் கண்டு வந்து, பொதுமக்களுக்குப் பதுங்கு குழிகள் வேண்டும் என்று 1938-ல் புத்தகமே எழுதினார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1950-ஐ ஒட்டி அதை விட்டும் விலகினார். எந்த இடத்திலும் வளைந்து கொடுக்காத சுபாவம். அதனால் பகையும் சம்பாதித்தார்.

காலுறை கழற்றிய வெள்ளைக்காரர்

1957-ல் ஹால்டேனும் ஹெலன் ஸ்பர்வேயும் இங்கிலாந்தை விட்டு இந்தியா வந்தனர். 1956-ல் இங்கிலாந்து எகிப்தின் மீது படையெடுத்ததை அவர் வன்மையாகக் கண்டித்தார்; தாம் வெளியேற அதையும் காரணமாகக் காட்டினார். இன்னொரு காரணத்தை வேடிக்கையாகச் சொல்வார்: அறுபது வருஷம் காலுறை மாட்டிக்கொண்டது போதுமாம். மகாலனோபிஸ் அழைப்பின் பேரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். கதராடை அணிந்தார், மாமிசத்தை விட்டார். 1961-ல் இந்தியக் குடிமகனானார்.

விலை உயர்ந்த கருவி இல்லாததால் ஆராய்ச்சி இல்லை என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. கண்ணும் நோட்டுப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் போதும் என்று மாணவர்களுக்குக் காட்டினார். தென்னையின் ஓலை வலப்பக்கம் சுழல்கிறதா, இடப்பக்கம் சுழல்கிறதா என்று எண்ணுவதுகூட அவர் வழிகாட்டலில் ஆராய்ச்சியாயிற்று. ஆந்திராவைச் சேர்ந்த கிருஷ்ண துரோணம்ராஜு அவரிடம் பயின்று பின்னால் அவர் வரலாற்றையும் எழுதினார். சென்னையிலிருந்து வரும் ஹிந்து நாளிதழிலும் ஹால்டேன் கட்டுரைகள் எழுதிவந்தார்.

கல்கத்தாவில் மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் 1961-ல் வெளியேறினார். 1962-ல் ஒரிஸ்ஸா சர்க்கார் புவனேஸ்வரத்தில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் அமைத்துத் தந்தது. நிலைப்பதற்குள் புற்றுநோய் பிடித்தது. லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அந்த நோயைப் பற்றி ஒரு நகைச்சுவைப் பாட்டு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அடையாளம் தெரிந்தவுடனே வெட்கப்படாமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதே அதன் சாரம். 1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார்.

காக்கிநாடாவும் ஹைதராபாத்தும்

உயிருடன் இருந்தபோது எத்தனையோ சோதனைக்கு ஆளான அந்த உடலை அவர் எரிக்கவோ புதைக்கவோ சொல்லவில்லை. மருத்துவ மாணவர்கள் பயில அதைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். அப்படியே கொண்டு செல்லப்பட்டது. கணவர் மறைந்த பின் ஹெலன் ஸ்பர்வே இந்தியாவை விட்டுப் போகவில்லை. தம் ஆராய்ச்சியோடு ஹைதராபாத் வந்து வாழ்ந்து, 1978-ல் இங்கேயே கண்மூடினார். இரும்பு அறைக்குள் கணவரோடு வலிப்பையும் போதையையும் அனுபவித்த அந்த அம்மையாரை இந்த ஊரில் அறிந்தவர்கள் சொற்பம்.

ஹால்டேன் வாழ்வு உழைப்பவருக்கும் வேலை வாங்குபவருக்கும் கற்றுத் தருவது இதுதான். கெட்ட காற்றும் கடும் வெப்பமும் உடலை வீழ்த்துவதற்கு முன்பு மூளையைத் தொடுகின்றன. தொடப்பட்டவனுக்கே அது தெரிவதில்லை. ஆகவே, சமாளித்துக்கொள்வேன் என்று அவன் சொல்லும் வார்த்தையை நம்பி ஒரு தொட்டிக்குள்ளோ பாய்லருக்குள்ளோ தனியே இறக்கிவிடக் கூடாது. உள்ளே இறங்கும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். வெளியே தெளிந்த காற்றில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கியவரைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் அடுத்தவர் குதிக்கக் கூடாது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நச்சுப்புகை தங்கும் அறைகளில் இறங்குவதற்கான எச்சரிக்கைகளும் காற்றோட்டம் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. சட்டம் எழுதியது பாதி வேலை. கயிற்றைக் கட்டுவது மீதி வேலை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்குத் தவறிய குமாஸ்தாவையும் வால்வை மாற்றித் திருப்பிய பிட்டரையும் கடிந்துகொள்ளும் முன், அந்த அறைக்குள் கால் மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. ஹால்டேன் அதைத்தான் செய்தார். அவர் கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.